நடுச்சுவரும் ஓர் இங்கிலாந்துக் கலகமும்

என் குரலுக்கு இப்போது உள்ள ஒரே கிராக்கி பெங்களூரில் இருக்கிறார். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறார், தமிழில். பாடப் புத்தகத்தை யாராவது வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, காலமெல்லாம் ஹலோ சொல்லியே ரிட்டயர் ஆனவள். குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தார். புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அது சும்மா. பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது, அதனால் செய்கிறேன்.

நான் இருப்பது சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். அம்மா போய், அப்பா போய், கல்யாணம் என்று ஒன்று கூடி வராமலே போய், வீட்டில் நான் மட்டும். காலை ரயிலுக்கு ஜனங்கள் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டால் லைன் முழுக்க நாய்களும் பென்ஷன்காரர்களும்தான். பால் வாங்கும்போது ஒரு பேச்சு, கீரை வாங்கும்போது ஒரு பேச்சு. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. குழம்பில் உப்பு போதவில்லை என்று நானே சொல்லி, நானே கேட்டுக்கொண்டு, நானே போட்டுக்கொள்வேன்.

அதனால் பதினோரு மணிக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அதைக் கெடுப்பதற்கென்றே நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார்.

லைன் வீட்டில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். தகரம் வைத்து அடைத்திருக்கிறோம். தகரம் எலியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. அந்தப் பக்கம் இருந்தவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். மனைவி இறந்துவிட்டார், மகள் பெங்களூரில் குடும்பமாக இருக்கிறாள். சுரங்கத்தில் கீழே வேலை செய்தவர்களுக்கு வருகிற இருமல் அவருக்கும் இருந்தது. நான் ஒரு பத்தியை ஒழுங்காகப் படித்து முடிக்கப்போகிற நேரம் பார்த்து, சொல்லி வைத்தாற்போல் இருமுவார். மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். சின்ன இருமலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். போய்ச் சொல்லவும் முடியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஐம்பது வருஷம் ஆகிறது.

பேசாதவர்கள் எப்படி ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கேட்கலாம். வீடு ஒதுக்குகிறவர்கள், யாருக்கு யாரோடு ஆகாது என்று விசாரித்தா ஒதுக்குவார்கள்? அப்பா சுரங்கத்தில் சேர்ந்தபோது இந்த வீடு கிடைத்தது. பல வருஷம் கழித்து அண்ணனும் சுரங்கத்தில் சேர்ந்தார், பக்கத்து வீடு காலியாக இருந்தது, கொடுத்துவிட்டார்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் இரண்டு குடும்பமும் அங்கங்கே அப்படியே தங்கிவிட்டோம்.

பேச்சு இல்லாத வீடுகளுக்குக்கூட எங்கள் லைனில் ஒரு முறை உண்டு. சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே வந்த பழக்கம் அது. கீழே பாறை வெடித்து வழி மூடிக்கொண்டால், உள்ளே மாட்டிக்கொண்டவன் கையில் கிடைத்ததை வைத்துக் காற்றுக் குழாயைத் தட்டுவான். அந்தச் சத்தம் யார் காதில் விழுகிறதோ அவன் திருப்பித் தட்ட வேண்டும். காப்பாற்ற முடியுமா முடியாதா என்பதெல்லாம் அப்புறம். காதில் விழுந்தது, நீ தனியாக இல்லை என்று முதலில் சொல்லியாக வேண்டும். தட்டியவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் சரி. வீட்டிலும் அப்படித்தான். பிரசவ வலியோ ஜுரமோ பாம்போ, நடுச்சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் திருப்பித் தட்டுவார்கள். பிறகு ஆள் வரும்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் புத்தகத்தில் ஒரு பாடம் வந்தது. ஆறு நூற்றாண்டுக்கு முன்பு இங்கிலாந்தில் குடியானவர்கள் செய்த கலகம். பரீட்சைக்கு ரொம்ப முக்கியம் என்று பெங்களூர் அம்மா சொல்லியிருந்தார். எனக்கு முதலில் ஒட்டவில்லை. எங்கேயோ இருக்கிற ராஜா, எங்கேயோ இருக்கிற வரி. ஆனால் வாய்விட்டுப் படித்தால் எதுவும் கொஞ்ச நேரத்தில் நம் வீட்டு விஷயம் ஆகிவிடுகிறது.

ராஜாங்கம் சண்டைக்குச் செலவழித்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டது. இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் தலை ஒன்றுதானே. நிலத்தை விட்டு நகர உரிமை இல்லாத பண்ணையாட்கள், தச்சர்கள், கொல்லர்கள், ரொட்டி சுடுகிறவர்கள் எல்லாரும் கிளம்பி லண்டனுக்கு நடந்தார்கள். ராஜாவுக்கு அப்போது பதினாலு வயது. ராஜா மேல் அவர்களுக்குக் கோபமே இல்லை. பையன் நல்லவன், சுற்றி இருக்கிறவர்கள்தான் கெட்டவர்கள் என்று நம்பினார்கள். அவனும் நேரில் வந்து, இனி நீங்கள் யாருக்கும் அடிமை இல்லை என்று முத்திரை வைத்துப் பத்திரம் கொடுத்தான். நிறையப் பேர் அதை மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் அவர்கள் தலைவனை ராஜாவின் கண்ணெதிரிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். அப்புறம் பத்திரம் செல்லாது, நீங்கள் அடிமைகள்தான், முன்னைவிடக் கேவலமாக இருப்பீர்கள் என்று அறிவிப்பு வந்தது. நீதிபதி ஊர் ஊராகப் போய்த் தூக்கில் போட்டார்.

"அட ஏமாந்த கூட்டமே" என்று பதிவின் நடுவிலேயே சொல்லிவிட்டேன். அழித்துவிட்டு மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. காகிதத்தை வாங்கிக்கொண்டு கலைந்து போவது எங்கள் ஊருக்கும் தெரிந்த விஷயம்தான். சுரங்கத்தைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

அதே பாடத்தில் லண்டனுக்கு வடக்கே ஒரு ஊரைப் பற்றி எழுதியிருந்தது. மடத்துக்குச் சொந்தமான ஊர். வீட்டில் யாரும் மாவு அரைக்கக் கூடாது, மடத்து ஆலைக்குத்தான் வர வேண்டும் என்று சட்டம். மீறி அரைத்தவர்களின் திரிகைக் கற்களைப் பிடுங்கிக்கொண்டு போய், மடத்துத் தலைவர் ஒரு அறைக்குத் தரையாகப் பதித்துவிட்டார். ஊர்க்காரர்களின் அப்பன் பாட்டன் கல்மேல் மடத்துக்காரர்கள் செருப்புக் காலோடு நடந்தார்கள். கலகம் வந்ததும் ஊர்க்காரர்கள் போய் அந்தத் தரையைப் பெயர்த்து எடுத்தார்கள். கல்லை உடைத்து, கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு துண்டு பங்கிட்டுக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போது என் வீட்டு மூலையில் கிடக்கிற ஆட்டுக்கல்லைத் திரும்பிப் பார்த்தேன். மிக்ஸி வந்த பிறகு அதைத் தொட்டதே இல்லை. ஆனால் எவனாவது அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

அன்றைக்கு ஒன்று கவனித்தேன். அந்தக் கல் கதையை ஒரே மூச்சில், தடங்கலே இல்லாமல் படித்திருந்தேன். அண்ணன் இருமவே இல்லை. காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்த டிவியும் அமைதியாக இருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டு ஃபேன் தலைக்கு மேல் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் தண்டனைப் பகுதி. அந்த மடத்து ஊருக்கு ராஜாவே நீதிபதியோடு வந்து பலரைத் தூக்கிலிட வைத்தான். உடல்கள் அப்படியே தொங்க வேண்டும் என்றார்கள். அவர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் ரகசியமாக உடல்களை இறக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். சேதி ராஜாவுக்குப் போயிற்று. புது உத்தரவு வந்தது. இறக்கிய உடல்களை இரும்புச் சங்கிலியில் பிணைத்து மறுபடியும் தொங்கவிட வேண்டும். சேவகர்கள் தொட மாட்டார்கள். ஊர்க்காரர்களே, தங்கள் கைகளாலேயே செய்ய வேண்டும். அழுகத் தொடங்கிய உடல்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான்.

'தங்கள் கைகளாலேயே' என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. போனை அணைத்துவிட்டுப் போய் அரிசி புடைக்க உட்கார்ந்தேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கிற மரங்களை அறுத்துத் தருகிற காண்ட்ராக்டர். அவர் இடத்திலேயே கூலியாட்களுக்குத் தகரக் கூரை போட்ட குடிசைகள் இருந்தன. அந்தக் கூரைகளைப் போட்டது அப்பா. பெரியப்பா மரம் அறுக்கிறவர், அந்தக் குடிசைகளில் ஒன்றில் குடும்பத்தோடு இருந்தார். ஒரு நாள் மரம் சரிந்து ஒரு ஆளுக்குக் கால் போயிற்று. வைத்தியத்துக்கு நான் பொறுப்பில்லை என்று காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். அறுப்புக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர் பெரியப்பா. கொஞ்ச நாளில் வெளியூர் ஆட்களை இறக்கி வேலைநிறுத்தத்தை உடைத்தார்கள். வேலைக்கு வராதவர்கள் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள், யாரும் அசையவில்லை. காண்ட்ராக்டர் அப்பாவைக் கூப்பிட்டார். "போட்டவனே பிரிச்சிடு. இல்லாங்காட்டி உன் கூரையும் போவும்" என்றார்.

அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவுக்குச் சோறு கொண்டு போன நான் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். பெரியம்மா குடிசைக்கு வெளியே வரவில்லை. உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அவர் பாட்டுக்குப் பானையைப் பார்த்தபடி குந்தியிருந்தார். முதல் தகரத்தை எடுத்தவுடன் வெயில் நேராகச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. அண்ணன் வாசலில் நின்று அப்பாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒரு கல்லை விட்டெறிந்திருந்தாலோ அசிங்கமாகத் திட்டியிருந்தாலோ பரவாயில்லை. ஒன்றும் செய்யவில்லை. அப்பாவும் கடைசி வரை கீழே பார்க்கவில்லை. நான் கொண்டு போன சோற்றை அன்று அவர் தொடவில்லை.

பெரியப்பா குடும்பம் மாரிகுப்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டது. அப்பா அந்த வேலையை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் சேர்ந்தார். அந்த நாளைப் பற்றி அம்மாவிடமோ என்னிடமோ அவர் வாய் திறந்ததே இல்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால், எங்கள் பக்கம்தான் தப்பு என்று நானே போய்ப் பேசியிருப்பேன். அப்பா கடைசியில் வாதம் வந்து, பேச்சு போய், நடுச்சுவரை ஒட்டிய கட்டிலில் கிடந்தார். ஒரு நாள் காலையில் டம்ளரை எடுத்துச் சுவரைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் தட்டிவிட்டுச் சுவரில் காதை வைத்தார். அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. ஆக, காதில் விழுந்திருக்கிறது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் வரவில்லை. கை ஓயும்வரை தட்டினார். மறுநாள் போய்விட்டார்.

அண்ணன் சாவுக்கு வந்தார். வராவிட்டால் லைனில் காறித் துப்புவார்கள். பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். விரோதிக்குக்கூடச் செய்கிறதைப் பெற்ற அப்பனின் தம்பிக்குச் செய்யாதவர் என்ன மனுஷர்? அந்த ஆத்திரத்திலேயே நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். வேறு யாரும் இல்லாத வீட்டில் அந்த ஆத்திரம் எனக்குத் துணையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் விட்டு மறுபடியும் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுக்கிற சத்தம், சுவருக்குப் பக்கத்தில். பிறகு நன்றாக இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடங்குகிற சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷர் இத்தனை நாளாகப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருமலை முன்கூட்டியே இருமி முடித்துவிடப் பார்க்கிறார். அடக்க முடியாமல் போகும்போதுதான் அது நடுவில் வந்திருக்கிறது. நானோ அவரை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தேன்.

இப்போது படிக்கப் பயமாக இருந்தது. அந்த இடத்தைப் படித்தால், அப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பார். நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார், மறுபடி வரமாட்டார். என் ரத்தத்தில் இந்த ஊரில் மிச்சமிருக்கிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் தாண்டிப் படித்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், இரண்டு தடவை நான் நின்ற இடத்தை அவரும் கேட்டிருக்கிறார். படித்தேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

முடித்தேன். நாற்காலி நகரவில்லை.

"அப்பால இன்னா ஆச்சி?"

தினமும் நான் கேட்கிற குரல்தான். என்னைப் பார்த்துக் கேட்டது அன்றுதான்.

"புக்குல அதோட முடிஞ்சிடுச்சி" என்றேன்.

"கட்டித் தொங்கவுட்டாங்களே, அவுங்க அப்பால ஊரு ஜனத்தோட எப்டி இருந்தாங்கன்னு எழுதல?"

"எழுதல."

"எழுதமாட்டான்" என்றார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "எங்கப்பா அன்னிக்கு அத்தினி வாட்டி தட்டினாரே, உனக்குக் கேக்கலியா?"

இருமல் வந்தது. நீளமான இருமல். அடங்குகிறவரை காத்திருந்தேன்.

"கேட்டுச்சி பாப்பா."

அறுபதை நெருங்குகிறவளைப் பார்த்துப் பாப்பா என்கிறார். கூரை பிரிவதற்கு முன்னால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"ரேடியோவ நிறுத்திட்டுக் கையத் தூக்கிட்டேன். அம்மா எதிர்க்கக் குந்திகினு இருந்தாங்க. தட்டாதடான்னு ஒரு வார்த்த சொல்லல. சும்மா பாத்துகினு இருந்தாங்க. அன்னிக்குக் கூரையப் பிரிக்கச்சொல்ல சோத்துப் பானையப் பாத்தாங்களே, அதே மாரி. கைய இறக்கிட்டேன். மறுநாளு அந்தக் கையாலயேதான் வந்து சித்தப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டேன்."

பெரியம்மா அப்போது உயிரோடு இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். என் கணக்கில் அந்தப் பக்கம் ஒரு ரேடியோவும் ஒரு கல்நெஞ்சுக்காரரும் மட்டும்தான். அப்பா ஏணியில் ஏறியபோது பின்னால் காண்ட்ராக்டர் நின்ற மாதிரி, இவருக்கு எதிரில் பெற்ற தாய் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதேன்.

அப்புறம் சுவரில் தட்டுகிற சத்தம். நிதானமாக, விரல் முட்டியால், அப்பாவின் கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக. அது எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் எழுந்து போய்த் திருப்பித் தட்டினேன்.

போன் பாட்டுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதை எப்படி அனுப்புவது? பாடத்தை இன்னொரு தடவை படித்தேன். அண்ணன் இன்னொரு தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கட்டிப்பிடித்து ஒன்றாகிவிடவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டுதான் போனோம், பழக்கம் அப்படி. ஆனால் பதினோரு மணிக்குச் சுவரில் ஒரு தட்டு வரும், ஆரம்பி என்று. நான் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பிப்பேன். எந்தப் பாடம் படித்தாலும் கடைசியில், "அந்தக் கல்லுக் கதையப் படி" என்பார். பெயர்த்த கல்லையெல்லாம் மடத்துக்கே திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டதாம் என்று நான் சொன்னபோது ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒர்த்தனாச்சும் ஒரு துண்ட ஒளிச்சி வெச்சிருப்பான். நீ வேணா பாரு" என்றார். ஆறு நூறு வருஷத்துக்கு முந்தினதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

மழை முடிந்து பனி இறங்கியதும் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மகள் வந்து பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். பொங்கலுக்கு முன்னால் அங்கேயே போய்விட்டார். இங்கேதான் கொண்டு வந்தார்கள். வாய்க்கரிசி போட்டேன். மகள் வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

நான் படிப்பதை நிறுத்தவில்லை. பதினோரு மணிக்கு உட்காருகிறேன். தட்டிப் பார்க்கிற முட்டாள்தனம் சில நாள் இருந்தது, இப்போது இல்லை. ஒரு பக்கத்தைக்கூட இரண்டாவது தடவை படிக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு சாயங்காலம் வருவதற்கு வெகு நேரம் ஆகிறது.

போன வாரம் பெங்களூர் அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "இப்பல்லாம் உங்க ரெக்கார்டிங் ரொம்ப கிளியரா இருக்கு மேடம். முன்னாடியெல்லாம் பின்னால யாரோ இருமிட்டே இருப்பாங்க, இப்ப சத்தமே இல்ல. யாரு மேடம் அது?"

பதிலைப் பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"எங்க அண்ணன்மா. பாடம் கேட்டுகினு இருந்தாரு."